மேரக்காயா, சௌசௌவா? சொல்லுக்குள் பொருள் எங்கே இருக்கிறது

போன மாதம் மதுரையிலிருந்து சித்தி வந்திருந்தார். குன்னூர் மார்க்கெட்டில் காய்க்கடையில் நின்ற பையனிடம், "தம்பி, சௌசௌ கிலோ என்ன விலை?" என்று கேட்டார். "அது வரலீங்கம்மா" என்றான். சித்தி குவியலைக் காட்டி, "இந்தா, கண்ணு முன்னாடி கிடக்கே!" என்றார். பையன் சிரித்துவிட்டான். "இதுங்களா? இது மேரக்காய்ங்க." காய் வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு அம்மா, "எங்க ஊர்ல பெங்களூர் கத்திரிக்காம்போம்" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

வீடு வரும்வரை சித்திக்கு ஒரே கேள்விதான்: "சரி, இதுல எதுதான் அதோட உண்மையான பேரு?"

இந்தக் கேள்வியில் ஒரு தப்பான எண்ணம் ஒளிந்திருக்கிறது. சித்திக்கு மட்டுமல்ல, நம்மில் பலருக்கும் அது உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எங்கோ ஓர் 'அசல்' பெயர் இருக்கிறது, அந்தப் பெயரின் ஒலிக்குள்ளேயே அர்த்தம் அடைந்து கிடக்கிறது, பிரித்துப் பார்த்தால் வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் 'சொல்லாராய்ச்சி'களில் பாதி இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவது வசதி. ஒரே மலையில் தமிழ், படுகு, தோடா, கோத்தர் மொழி, இருளம், குறும்ப மொழிகள், கன்னடம், மலையாளம் எல்லாம் காதில் விழும்.

இடுகுறி என்று பள்ளியில் படித்தது

மேரக்காய்க் கொடியின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அது இங்கே வந்தபோது தமிழில் அதற்குப் பெயர் கிடையாது. ஊருக்கு ஊர் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அந்த ஊரில் செல்லுபடியானது. இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை.

இதற்கான கலைச்சொல்லைப் பள்ளி இலக்கணத்திலேயே படித்துவிட்டு மறந்துவிட்டோம். இடுகுறிப் பெயர்: காரணம் எதுவும் தெரியாமல், 'இதற்கு இது' என்று இட்டு வழங்கும் பெயர். மண், மரம், கல் போன்றவை. காரணப் பெயர் இதற்கு மறுபக்கம். உருளைக்கிழங்கு உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் உருளை என்பதற்குள் இருக்கும் 'உருள்' என்ற ஒலி ஏன் உருள்வதைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. எந்தக் காரணப் பெயரையும் உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஓர் இடுகுறியில்தான் போய் நிற்கும்.

தொல்காப்பியம் இதை ஒரே அடியில் சொல்கிறது: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.' சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது என்பது இதன் கருத்து. காரணமே இல்லை என்று அடித்துச் சொல்லவில்லை, பளிச்சென்று தெரியாது என்று மட்டும் சொல்கிறது. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். ஐரோப்பாவில் ஃபெர்டினான் த சொசூர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் இதே கருத்தை நவீன மொழியியலின் அடித்தளமாக வைத்தார். அவர் 1913-இல் இறந்தார். அவருடைய வகுப்புப் பாடங்கள் 1916-இல்தான் நூலாக வந்தன.

ரூபாய் நோட்டும் ஊட்டி பஸ்ஸும்

அப்படியானால் அர்த்தம் எங்கே இருக்கிறது? ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. நான் கொடுத்தால் கடைக்காரர் வாங்குவார், அவர் கொடுத்தால் இன்னொருவர் வாங்குவார் என்று எல்லோரும் நம்புவதுதான் மதிப்பு. சொல்லும் அப்படித்தான். 'மேரக்காய்' என்று நான் சொன்னால் நீங்கள் எதை எடுத்துக் கொடுப்பீர்கள் என்பது நமக்குள் இருக்கும் ஓர் ஒப்பந்தம். யாரும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்.

ஒரு வித்தியாசம் உண்டு. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஒரே அறிவிப்பில் பழைய நோட்டுகள் செல்லாமல் போயின. ஒரு சொல்லை அப்படிச் செல்லாததாக்க எந்த அரசாலும் முடியாது. எங்கள் ஊரையே பாருங்கள். அரசு ஆவணத்தில் உதகமண்டலம். பஸ் பலகையில் உதகை. டிக்கெட் கேட்கும்போது எல்லோர் வாயிலும் ஊட்டி. கண்டக்டர் மூன்றுக்கும் ஒரே டிக்கெட்டைத்தான் கிழிக்கிறார். (உதகமண்டலத்தில் உள்ள 'மண்டலம்' எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. கொஞ்சம் பொறுங்கள்.)

அகராதியும் இந்த ஒப்பந்தத்தைப் போடுவதில்லை, போட்டதைப் பதிவு செய்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. அத்தனை பெரிய அகராதியைத் தலையணையாக வைத்துத் தூங்கினாலும், தேயிலைத் தோட்டத்தில் வயதான ஒருவர் "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொன்னால் புரியாது. இலங்கை மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் விழுந்தால் கூலி. பாதி நாள் வேலை என்றால் அரைப்பேர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்ட பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது. மூட்டை முடிச்சுகளோடு அந்தச் சொற்களும் கப்பல் ஏறி வந்தன. ('நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.)

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான முடிச்சு இல்லை. பேசுகிறவர்களின் ஒப்பந்தம்தான் முடிச்சு. ஆள் மாறினால், இடம் மாறினால், முடிச்சும் மாறும்.

சலசல, கொக்கரக்கோ எல்லாம்?

இங்கே யாராவது கை தூக்குவார்கள். அருவி சலசலக்கிறது, மழை சடசடக்கிறது, காகம் 'கா' என்றுதானே கத்துகிறது? உண்மைதான். இரட்டைக்கிளவி தமிழில் கொட்டிக் கிடக்கிறது, அங்கே ஒலிக்கும் பொருளுக்கும் நெருக்கம் தெரிகிறது. ஆனால் நம் ஊர்ச் சேவல் 'கொக்கரக்கோ' என்று கூவ, ஆங்கிலேயர் காதில் அதுவே 'காக்-எ-டூடுல்-டூ' என்று விழுகிறது. சேவல் மாறவில்லை, காது பழகிய ஒப்பந்தம் மாறிவிட்டது.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. 1929-இல் வுல்ஃப்காங் கோலர் என்ற உளவியல் அறிஞர், கூர்கூராக ஒன்று, மழுங்கலாக ஒன்று என இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டு பொய்ச்சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-இல் அதையே 'கிகி', 'பூபா' என்ற சொற்களால் பிரபலமாக்கினார்கள். கூரானது கிகி, கொழுகொழுவென்று இருப்பது பூபா என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆக, ஒலிக்கும் உணர்வுக்கும் லேசான இழுப்பு இருக்கிறது. ஆனால் இந்த இழுப்பை வைத்து ஒரு மொழியின் அகராதியைக் கட்ட முடியாது.

தேயிலைச் சல்லடை

ஒப்பந்தம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

குழந்தை சொற்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதுபோல் நமக்குத் தோன்றும். கூடவே அது ஒரு நாக்குப் பழக்கத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஓர் ஊரில் அந்தப் பழக்கம் மெல்ல நகர்ந்தால், அந்த ஒலி வரும் எல்லாச் சொற்களும் சேர்ந்தே நகரும். டீ ஃபேக்டரியில் தூளைத் தரம் பிரிக்கும் சல்லடையைப் பார்த்திருப்பீர்கள். வலையின் கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டால், அந்த அளவுத் தூள் எல்லாம் விழுந்துவிடும். எந்தத் தோட்டத்துத் தழை என்று சல்லடை பார்ப்பதில்லை. ஒலிமாற்றமும் எந்தச் சொல் என்று பார்ப்பதில்லை.

கன்னடத்தில் அப்படி ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற 'ப', சுமார் 10-ஆம் நூற்றாண்டு தொடங்கிப் படிப்படியாக 'ஹ' ஆனது. தமிழில் பால், அங்கே ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. கன்னடத்துக்கு மிக நெருங்கிய மொழியான படுகிலும் இதே ஹகரம்தான்.

இப்போது கோத்தகிரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். படுகர்கள் தங்கள் ஊரை 'ஹட்டி' என்பார்கள். 'ஹ'வை எடுத்துவிட்டுப் 'ப'வைப் போட்டால் பட்டி. உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று சமவெளி முழுக்கக் கிடக்கும் அதே பட்டி. வழியில் ஓர் ஊருக்கு 'ஹொசஹட்டி' என்று பெயர் இருந்தால், 'ஹொச' என்பது 'புது'வின் கன்னடப் பங்காளி. ஆக, ஹொசஹட்டி என்றால் புதுப்பட்டி. இதே கணக்கில் ஓசூர் என்பது புதூர். அரை நூற்றாண்டாகத் தொழிற்சாலைக்கும் ரோஜாப்பூவுக்கும் ஓசூரைத் தெரிந்து வைத்திருக்கும் நமக்கு, அது நம் ஊர்ப்பக்கத்துப் புதூர்தான் என்று தெரியாது.

இப்படி ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து பிரிந்து, வேறு வேறு மொழிகளில் வாழும் சொற்களை இனச்சொற்கள் என்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததில்லை. அண்ணன் தம்பி மாதிரி. பட்டியிலிருந்து ஹட்டி 'பிறந்தது' என்று சொல்வது தம்பிக்கு அண்ணன்தான் அப்பா என்று சொல்வதுபோல்.

இன்னும் இரண்டு வாய்ப்பாடுகள் தருகிறேன், இப்போதைக்கு அதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமிழின் முதல் 'வ' கன்னடத்திலும் படுகிலும் 'ப' ஆகி நிற்கும், அதுவும் 'பஸ்' என்பதில் வரும் மெல்லிய ஒலியோடு. வா என்றால் பா. வில், பில்லு. வெல்லம், பெல்ல. வடக்கு, படகு. படுகர் என்ற பெயரையே வடகர், அதாவது வடக்கிலிருந்து வந்தவர் என்று பொதுவாக விளக்குவது இதனால்தான். (யார் எப்போது எங்கிருந்து வந்தார்கள் என்ற வாதம் தனி. அது சூடானது, அதற்குள் நான் போகவில்லை.)

இரண்டாவது வாய்ப்பாட்டில் மாறியது தமிழ். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் மற்றவர்கள் 'க' என்று வைத்திருந்த இடத்தில் நாம் 'ச' ஆக்கிவிட்டோம். நமக்குச் செவி. கன்னடத்தில் கிவி, கோத்தர் மொழியில் கெவ். நமக்குச் சேரி, கன்னடத்தில் கேரி. கோத்தகிரியில் இருக்கும் 'கிரி' முதலில் 'கேரி'யாகத்தான் இருந்தது, கோத்தர் வாழும் தெரு என்பதே பொருள் என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ்தான் எதையும் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது, மற்றவர்கள் சிதைத்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்தச் 'செவி'யைக் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். காதைப் பொறுத்தவரை பழைய ஒலி கோத்தரிடம்தான் இருக்கிறது.

சுருக்கமாக: உறவைக் காட்டுவது ஒலி ஒற்றுமை அல்ல, ஒழுங்கான ஒலி வேற்றுமை. பத்துச் சொல்லில் ஒரே மாதிரி மாறியிருந்தால் உறவு என்று நம்பலாம்.

எட்டும் எய்ட்டும்

இதைத் தெரிந்துகொண்டால் வாட்ஸ்அப் சொல்லாராய்ச்சியைச் சமாளிப்பது எளிது. "ஆங்கில எய்ட் நம் எட்டிலிருந்து போனது" என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு வருகிறது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. சரி, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் அது 'எயஹ்ட' என்பதுபோல் ஒலித்தது. ஜெர்மனில் இன்றும் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஆக்டோ'. அந்தப் பக்கம் பழமைக்குப் போகப் போக நடுவில் ஒரு 'க்' ஒலி வலுக்கிறது. நம் பக்கம் என்ன? எண்பது, எண்ணூறு என்கிறோம். கன்னடத்தில் 'எண்டு'. ஆக நம் எட்டுக்குள் இருப்பது ஒரு 'ண்'. இரண்டு பேரும் தாத்தா வீட்டுக்குப் போகப் போக முகஜாடை விலகிக்கொண்டே போகிறது என்றால் அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. இன்று ஒரே நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடன் வாங்கிய சொற்கள்

உறவு இல்லாமலும் சொற்கள் ஒன்றுபோல் இருக்கலாம், ஏனென்றால் வாங்கியிருப்பார்கள். கடன்சொல் என்று பெயர். (திருப்பிக் கொடுக்காத கடன்.) எங்கள் மலைக்குப் பொருத்தமான உதாரணம் டீதான். சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் அந்த இலைக்குப் பெயர் 'தே'. மற்றப் பகுதிகளில் 'சா'. டச்சு வணிகர்கள் கப்பலில் 'தே'யைக் கொண்டுபோனார்கள், ஐரோப்பாவில் அது டீ ஆனது. தரைவழியாகப் போனது சாய் ஆனது. குன்னூரில் டீ குடித்துவிட்டு, கூடலூரில் இறங்கி மலையாளத்தில் 'சாயா' கேட்டால், இரண்டு சீனச் சொற்களைக் குடித்திருக்கிறீர்கள்.

தேயிலை, தேநீர் என்ற அழகான தமிழ்ச்சொற்களின் 'தே'யும் அந்தச் சீனத் 'தே'தான். தேன் போல இனிப்பதால் தேநீர் என்று விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை மக்கள் சொற்பிறப்பு என்று சொல்வார்கள். வானத்தைத் தொட்டதால் தொட்டபெட்டா என்று ஒரு நண்பர் எனக்கு விளக்கியிருக்கிறார். 2,637 மீட்டர் உயரத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்தான். ஆனால் 'தொட்ட' என்றால் கன்னடத்திலும் படுகிலும் பெரிய, 'பெட்ட' என்றால் மலை. பெரியமலை, அவ்வளவே. தோட்டத்து வரிசை வீடுகளை 'லயம்' என்கிறோமே, அது ஆங்கில 'லைன்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பிரட்டு', ஆங்கிலப் 'பரேட்'. இசையின் லயத்துக்கும் அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அதில் குடியிருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வேறு வேறு மொழி, ஒரே சந்தை

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்த மலையில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஒழுங்கு நடந்தது. தோடர்களிடம் எருமை, பால், நெய். கோத்தர்களிடம் இரும்புக் கருவி, மண்பானை, இழவுக்கும் விழாவுக்கும் வாத்தியம். படுகர்களிடம் தானியம். குறும்பர்களிடம் தேனும் காட்டுப் பொருளும். நான்கும் வேறு வேறு மொழிகள். தோடா மொழியும் தமிழும் உறவுதான், ஆனால் தோடர் இருவர் பேசும்போது பக்கத்தில் நின்றால் ஒரு சொல்கூடப் பிடிபடாது.

அப்படியானால் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? பெரும்பாலும் படுகில். எண்ணிக்கையில் அதிகமானவர்களின் பேச்சு மலையின் பொதுப்பேச்சாக இருந்தது. எழுத்து இல்லை என்பதால் படுகைக் 'கொச்சைக் கன்னடம்' என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல சமூகங்கள் பல தலைமுறையாக ஒரு மொழியில் கொடுத்து வாங்கியிருக்கின்றன, அதற்கு எழுத்து இல்லாதது ஒரு குறையாகவே இருக்கவில்லை.

கனடாவில் பிறந்த முர்ரே எமனோ என்ற மொழியியலாளர் 1935-இல் இந்த மலைக்கு வந்தார். 1938 வரை தோடா, கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளின் இனச்சொல் அகராதியை 1961-இல் வெளியிட்டார். 1984-இல் வந்த திருத்திய பதிப்பில் 5,000-க்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் இருக்கின்றன. இன்று தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். அவர்கள் வாயில் இருந்த சொற்கள் நம் சொற்களுக்குப் பக்கத்தில், ஒரே எண்ணின் கீழ், சமமாக உட்கார்ந்திருப்பதை அந்த அகராதியில் பார்க்கலாம்.

அதில் ஒரு குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன், 'மண்டலம்' பற்றிய பாக்கியும் தீர்ந்துவிடும். கடைசி வாய்ப்பாடு: தமிழில் 'ன்ற' இருக்கும் இடத்தில் கன்னடத்திலும் படுகிலும் 'ந்த' வரும். ஒன்று, ஒந்து. பன்றி, ஹந்தி. (பன்றியில் இரண்டு வாய்ப்பாடும் ஒரே சொல்லில் வேலை செய்வதைக் கவனியுங்கள்.)

தோடர்களின் குடியிருப்பை, எருமைத் தொழுவமும் பால்மனையும் சேர்ந்த அந்த இடத்தை, மலையில் 'மந்து' என்பார்கள். கோத்தர் மொழியில் 'மந்த்'. தோடர்களே அதை 'மொட்' என்பதுபோல் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் ஊட்டகமண்ட் என்று எழுதிய பெயரின் கடைசியில் இருப்பது அந்த மந்துதான். தமிழ்க் காதில் அது மண்டலமாக விழுந்துவிட்டது. இனி 'ந்த'வை எடுத்துவிட்டு 'ன்ற'வைப் போட்டுப் பாருங்கள். மன்று. பழந்தமிழில் மாடுகள் அடையும் இடத்துக்கும் ஊர் கூடும் இடத்துக்கும் அதுதான் சொல். அதன் நீட்சி மன்றம்.

ஊட்டியில் 'நீதிமன்றம், உதகமண்டலம்' என்று எழுதிய பலகையைப் பார்த்தால் சித்தியிடம் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து நிற்கிறார்கள், தம்பி மட்டும் மாறுவேடத்தில்.